பதினைந்தாம் நிலை

என் தங்கை ஜெனிவீவ் சிங்கப்பூர் தெம்பனிஸில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். பல் அடைக்கப் பசை குழைக்கும் அதே கையால் வீட்டுக்கு வந்து சாயம் குழைப்பாள். யாரிடமும் படிக்கவில்லை. நான் தேக்காவில் தையல் வேலை செய்கிறேன். அவள் படங்களுக்கெல்லாம் சட்டம் போட்டது நான்தான்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எங்கள் கோயிலில் பங்கு மக்களின் ஓவியங்களை மாட்டினார்கள். அமெரிக்காவில் இனவெறியால் அடிபட்ட ஒரு கறுப்பரை அவள் வரைந்திருந்தாள். ரோட்டில் விழுந்து கிடக்கிறார். சுற்றிலும் மூன்று போலீஸ். ஒரு பெண் அவர் முகத்தைத் துடைக்கிறாள்.

"யாராவது ஒருத்தர் நின்னு பார்த்து, இவரை ஏன் அடிச்சாங்கன்னு கேக்கணும்க்கா. அது போதும்."

யேசுவின் பாடுகளைச் சுவரில் வரிசையாகக் காட்டும் சிலுவைப்பாதைப் படங்களில், கடைசியான பதினான்காம் நிலைக்கு அடுத்து ஓர் ஆணி காலியாக இருந்தது. மட்டம் பார்த்து அதில் மாட்டினேன். லொரைன் ஆன்ட்டியின் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம் பதினான்கையும் முடித்துவிட்டு இதன் முன்னாலும் முழந்தாளிட்டது, கண்ணை மூடிக்கொண்டு. அடுத்த வாரம் மெழுகுவர்த்தியும் மல்லிகை மாலையும் வந்தன. கேள்விதான் வரவில்லை.

பங்குப் பேரவைத் தலைவர் அற்புதராஜ் மட்டும் கீழே இருந்த விளக்க அட்டையைப் படித்துவிட்டார்.

"ஊரான் சண்டை நமக்கு எதுக்கும்மா? இப்பக் கழட்டினா லொரைன் ஆன்ட்டி கூட்டம் என்னைச் சும்மா விடாது லா. முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கி, தாடி வெச்சுடு. முடிஞ்சுது."

"அங்கிள், நீங்க வாடகைக்கு வீடு தேடினப்போ இந்தியனுக்குத் தர மாட்டோம்னாங்களே. முகத்தை வெள்ளையாக்கிட்டா போனீங்க?" என்றாள் ஜெனிவீவ்.

அவர் என் பக்கம் திரும்பினார். "பிரிஜட், ஒரு ஊதாத் துணி தைச்சுக் குடும்மா."

தவக்காலக் கடைசியில் சிலைகளைத் துணியால் மூடுவது வழக்கம். அதோடு சேர்த்து இதையும் மூடிவிடலாம் என்று கணக்குப் போட்டார். "அவருக்குப் போய்த் தைக்கிறியே" என்று ஜெனிவீவ் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். நான் அளவெடுத்து, எந்த ஓரத்தைத் தொட்டாலும் மொத்தமும் நழுவுகிற மாதிரி தைத்தேன்.

மூடிய பிறகு கூட்டம் இரட்டிப்பானது. உள்ளே புதுமை நடக்கிறதாம், தீராத நோயெல்லாம் தீர்கிறதாம். தொலைவில் இருக்கும் சுவா சூ காங்கிலிருந்துகூடத் தனி பஸ் பிடித்து வந்தார்கள்.

ஆனால் மூடியதை ஈஸ்டரில் திறந்தாக வேண்டும். எங்கள் கோயிலில் எல்லார் முன்னாலும்தான் திறப்பார்கள். அற்புதராஜ் ஓர் ஓரத்தை மட்டும் லேசாக விலக்கப் பார்த்தார். துணி மொத்தமும் அவர் தலையில் விழுந்தது.

லொரைன் ஆன்ட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார்.

"யேசு சாமி இல்லையே லா இது! யாரு பெத்த பிள்ளையோ, பாவம். இவரை ஏம்மா அடிச்சாங்க?"

ஜெனிவீவ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க ஆன்ட்டி, சொல்றேன்."

"பூசைக்கு நேரமாச்சு!" என்றார் அற்புதராஜ், துணிக்குள்ளிருந்தபடியே. யாரும் திரும்பவில்லை.