பின்கதவுக் கீல்

திருமுடிவாக்கத்துப் பட்டறை ஒன்றில், தரையில் கிடந்த இரும்புத் தகட்டின் முன்னால் என் சீனியர் சாக்பீஸோடு குந்தியிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. தகட்டில் ஒரு கோடுகூட விழவில்லை.

கார் செய்யும் பெரிய கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடம் டிசைன் இன்ஜினியராக இருந்தவர். நான் சேர்ந்த நாளிலிருந்து பக்கத்து நாற்காலி. பெரிய கம்பெனியால் கெடுதல் மட்டும்தான் என்று சொன்னால் அது பொய். என் அப்பாவின் இதய ஆபரேஷனைக் கம்பெனி இன்சூரன்ஸ்தான் பார்த்துக்கொண்டது. தாம்பரத்தில் ஏறினால் ஏசி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகலாம். கம்பெனி பெயரைக் கேட்டதும் பெண் வீட்டார் ஜாதகத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. இதற்கெல்லாம் பதிலாக அது எங்களிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டது என்பதை யாரும் சொல்லவில்லை. சீனியர் பத்தொன்பது வருடமும் வரைந்தது காரின் பின்கதவுக் கீல். அதை மட்டும்தான். கதவின் எடையை ஒரு டீம் சொல்லும். எந்த இரும்பு என்பதை இன்னொரு டீம். உடையுமா என்று பார்ப்பது வேறொரு டீம். இவர் நடுவில் உட்கார்ந்து பழைய கீலை அரை மில்லிமீட்டர் மாற்றுவார். அதற்கு ஒரு தடவை விருதுகூடக் கொடுத்தார்கள்.

திடீரென்று, கீலை வெளியிலிருந்து வாங்கிக்கொள்வதாகக் கம்பெனி முடிவு செய்தது. எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு அவர் கையாலேயே ராஜினாமா எழுத வைத்தார்கள். நாற்பத்தேழு வயது. மனைவிக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். வேலையோடு இன்சூரன்ஸும் போனது. ஏழு மாதம் எவனும் கூப்பிடவில்லை. நான்தான் விசாரித்து இந்தப் பட்டறைக்கு பைக்கில் அழைத்துப் போனேன்.

முதலாளி நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார். "ஒரு டன் மோட்டார் சார். அத்த தூக்கி வைக்க ஒரு ஸ்டாண்டு வேணும். இன்னா சைஸ் ஆங்கிள் இரும்பு போடலாம், எங்க வெல்டு வைக்கலாம், வரைஞ்சு காட்டுங்க."

சீனியர் சாக்பீஸை வாங்கிக்கொண்டு தகட்டின் முன்னால் குந்தினார். பிறகு, "லோடு கணக்கு எந்த டீம்ல குடுப்பாங்க?" என்றார்.

"டீமா? நீங்களும் நானும்தான் சார் டீமு. ஆள் பத்தலன்னா வாசல்ல நாய் ஒண்ணு கீது, சேத்துக்கலாம்."

வெல்டர்கள் சிரித்தார்கள். சீனியரும் சிரித்தார். முதலாளி என் பக்கம் திரும்பி, "நீங்களும் அங்கதான இன்ஜினியரு? நீங்களாவது சொல்லுங்க" என்றார்.

"நான் சும்மா கூட வந்தேன் சார்" என்றேன். எனக்கும் தெரியவில்லை. காலேஜில் இருந்தபோது அரை மணியில் போட்டிருப்பேன். பதினோரு வருடமாக நான் வரைவது வைப்பர் மோட்டாரின் மூடி.

திரும்பும் வழியில் பல்லாவரம் சிக்னலில் பைக்கை நிறுத்தினேன். சீனியர் பின்னாலிருந்து தோளைத் தட்டி, "நெஜமா சொல்லு. உனக்கும் வரலையாடா?" என்றார். ஹெல்மெட்டோடு தலையாட்டினேன். "அப்ப வெளிய வந்துராத. கழுத்தப் புடிச்சுத் தள்ற வரைக்கும் வந்துராத."

பிறகு, காசு கட்ட முடியாமல் டயாலிசிஸை வாரம் ஒன்றாகக் குறைத்துக்கொண்டார்கள். மார்கழியில் அவர் மனைவி செத்துப்போனார். சாவுக்குப் போக எனக்கு அரை நாள் லீவு கிடைத்தது. மத்தியானம் ஆபீஸ் திரும்பியதும், மூடியில் ஒரு துளையைக் கால் மில்லிமீட்டர் தள்ளச் சொன்னார்கள். தள்ளினேன்.