பலவீனம் என்ற கட்டம்

எங்கள் குழுவில் பன்னிரண்டு பெண்கள். எல்லோரும் உப்பளத்தில் கூலிக்குப் போனவர்கள். மழைக்காலத்தில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, தை பிறந்ததும் நாமே சேர்ந்து கொஞ்சம் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு வாரலாம் என்று பேச்சு வந்தது. திட்டம் போட்டுக் கொடுக்க ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து சுடிதார் போட்ட ஒரு பெண் வந்தாள்.

சமுதாயக் கூடத்துச் சுவரில் பெரிய சார்ட் பேப்பர் ஒட்டினாள். நடுவில் கோடு கிழித்து ஒரு பக்கம் ‘பலம்’, மறுபக்கம் ‘பலவீனம்’ என்று எழுதினாள்.

“உங்கள்ல யாருக்குக் கையெழுத்து நல்லா இருக்கும்?”

எல்லோரும் என்னைக் காட்டினார்கள். நான் அஞ்சாவது வரை படித்தவள். நாலு பேர் கூடினால் எனக்கு வாய் வராது. எழுத்து மட்டும் அச்சு மாதிரி இருக்கும் என்பார்கள். ஸ்கெட்ச் பேனாவைக் கையில் கொடுத்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. எழுதுகிறவளிடம் யாரும் கருத்துக் கேட்க மாட்டார்கள்.

“உங்க பலம் என்ன, சொல்லுங்கம்மா,” என்றாள் அந்தப் பெண்.

“வெயில்ல நாள் முச்சூடும் நிப்போம்.”

“எங்க தலைவியோட வாயி! அத மொதல்ல எழுது.”

கூடம் சிரித்தது. தலைவியும் சிரித்தாள். அடுத்தது பலவீனம். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

“மறைக்காம சொன்னாத்தான் சரி பண்ண முடியும்மா,” என்றாள் அந்தப் பெண்.

அப்போது என் ஜோடிக்காரி கையைத் தூக்கினாள். என்னைவிட இரண்டு வயது பெரியவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். உப்பளத்தில் ஜோடி ஜோடியாகத்தான் வேலை. ஒருத்தி கூடையில் வாரி நிரப்பித் தலைக்குத் தூக்கிவிடுவாள். மற்றவள் வரப்பில் சுமந்து போய்க் குவியலில் கொட்டிவிட்டு வருவாள். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். நாங்கள் இருவரும் மாற்றிக்கொள்வதை விட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது. வெள்ளை உப்பையும் வெயிலையும் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் மங்கிவிட்டது. அவள் நிரப்புவாள், அவள் நடையையும் சேர்த்து நான் சுமப்பேன். இது எங்கள் இருவருக்குள் இருந்த விஷயம்.

“எனக்குக் கண்ணு சரியா தெரியல. வரப்பு எங்க, தண்ணி எங்கன்னே தெரியல. ரெண்டு வருசமா இவதான் என் நடையும் நடக்குறா. எழுதுடி, இன்னாத்துக்கு முழிக்கிற?”

அந்தப் பெண் கைதட்டினாள். “இப்படித்தான் தைரியமா சொல்லணும்!” எல்லோரும் கைதட்டினார்கள். நான் ‘பார்வைக் குறைவு’ என்று எழுதினேன். சுவரில் எழுதிவிட்டால் சரிசெய்துவிடுவார்கள் என்று அக்கா நம்பினாள். நானும்தான்.

மறுவாரம் அந்தப் பெண்ணே சொல்லி அக்காவைத் திண்டிவனத்தில் நடந்த கண் முகாமுக்கு அனுப்பினாள். அதே நாளில் இரண்டாவது சார்ட் எழுதினோம். யார் யாருக்கு ஜோடி என்ற பட்டியல்.

தலைவி எழுந்தாள். “இது நம்ம சொந்த வேலை. எல்லாரும் சமமா நடக்கணும். ஒருத்திக்காக இன்னொருத்தி சுமந்தா நாளைக்கு சண்டை வரும். அக்கா ஊட்ல இருக்கட்டும். அவங்க எடத்துக்கு என் மருமவ வரட்டும். நான் பக்குவமா சொல்லிக்கிறேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அது சுமை இல்லை, நானே சுமந்துகொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். பேனா மூடியைக் கழற்றினேன், மாட்டினேன்.

“அம்மா, நீங்க எதாவது சொல்லணுமா?” என்று அந்தப் பெண் கேட்கவும் கேட்டாள்.

“இல்லீங்க.”

இதையும் சொல்லிவிட வேண்டும். இனிமேல் பாதி நடைதான் என்று அந்த நேரத்தில் என் முட்டி ஆறுதல்பட்டது. என் பெயருக்குப் பக்கத்தில் மருமகளின் பெயரை அழகாக எழுதினேன்.

கண்ணில் நரம்பு கெட்டுவிட்டது, ஆபரேஷன் செய்து பலன் இல்லை என்று சொல்லி முகாமில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். தலைவி எதுவும் சொல்லவில்லை. கூட்டம் கலைந்ததும் அக்கா சுவரோரம் வந்து என்னைக் கூப்பிட்டாள்.

“ஜோடி எழுதிட்டீங்களாமே. என் பேரு எங்க இருக்குது? காட்டு.”

நான் அவள் விரலைப் பிடித்துச் சார்ட்டில் வைத்தேன். அது என் பெயர்.

“இங்கக்கா.”

விரலை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். “பெருசா எழுதி இருக்கியா?”

“பெருசாத்தான்கா.”

தை பிறந்து பாத்தி மிதிக்கிற நாள் வந்தது. உப்புத் தண்ணீர் விடும் முன்னால் தரை இறுகுவதற்காக எல்லோரும் வரிசையாக நின்று சேற்றை மிதிப்போம். விடியும்போதே அக்கா தலையில் சும்மாட்டுத் துணியோடு வந்து நின்றாள். தலைவி என்னை முறைத்தாள்.

“அவகிட்ட நீ சொல்லல?”

“நீ சொல்றேன்னியேம்மா,” என்றேன். தலைவியிடம் அன்றைக்கு நான் பேசியது அவ்வளவுதான்.

“சண்ட போடாதீங்கடி,” என்றாள் அக்கா. “எனக்குத் தெரியும். மிதிக்கிறதுக்குக் கண்ணு எதுக்கு? மிதிச்சுட்டுப் போறேன்.”

எங்கள் வரிசையில் நின்று மிதித்தாள். எங்கே தரை இளகியிருக்கிறது என்று அவள் காலுக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. வெயில் ஏறியதும் போதும் என்று நின்றாள். ரோடு வரைக்கும் கைபிடித்துக் கூட்டிப்போனேன்.

“யார்க்கா சொன்னாங்க உனக்கு?”

“நீதான்டி. அன்னிக்கு என் விரல வெச்சியே, உன் கையி நடுங்குச்சு. இத்தன வருசம் என்கிட்ட கூடைய வாங்குன கையி, எனக்குத் தெரியாதா?”

அதன் பிறகு அவள் என் கையை விட்டுவிட்டு, ரோட்டோரமாகக் காலால் தடவித் தடவி நடந்தாள். நான் கூப்பிடவில்லை.

திட்டம் நன்றாகவே நடந்தது. அந்த வருடம் உப்பு வெள்ளையாக விளைந்தது. மருமகள் நல்ல பெண், தன் நடையைத் தானே சுமக்கிறாள். இரண்டு சார்ட்டும் கூடத்துச் சுவரில் இன்னும் இருக்கின்றன.

அக்காவின் வீடு உப்பளத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. காலையில் வாசலில் உட்கார்ந்திருப்பாள். காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். அதனால் நான் கோயில் பக்கமாகச் சுற்றிப் போகிறேன். அது தூரம் அதிகம். முட்டி வலிக்கிறது.