அந்தோணிசாமியின் மசோதாவும் கிளாராவின் கசகசாவும்

மாசி என்ற புறநகரில் குடியிருக்கும் அந்தோணிசாமி ஈப்போவில் பிறந்தவர். கன்டெய்னர் யார்டு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மற்றவர்கள் சனிக்கிழமைகளில் மீன்பிடிக்கப் போனால் இவர் நாடாளுமன்றக் குழுக்களுக்கு எழுத உட்காருவார். எந்த மசோதா வந்தாலும் இந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம், கேட்டுக்கொண்டால் குழுவின் முன் பேசவும் விடுவார்கள். குடியுரிமை வாங்கிய வாரத்தில் இதைத் தெரிந்துகொண்டவர் அதன்பிறகு ஓயவில்லை. கோழிக் கூண்டு, வாடகை வீட்டு ஹீட்டர், நாய்களின் லைசென்ஸ் என்று எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு கருத்து உண்டு. நாய் மட்டும் கிடையாது.

போன வருடம் வந்த ஒரு மசோதா அவரை உலுக்கிவிட்டது. ஒரு வெளிநாட்டு அரசு தெரிந்தே ஓபியாய்டு என்னும் ஓபியம் வகைப் போதை மருந்தை இங்கே கடத்த விட்டால், பாதிக்கப்பட்ட குடும்பம் இங்குள்ள கோர்ட்டில் அந்த அரசின் மேல் வழக்குப் போடலாம் என்றது அது. யார்டில் கூட வேலை செய்தவரின் மகன் போலி மாத்திரை ஒன்றை விழுங்கி இறந்துபோயிருந்தான். அவனுடைய அடக்கத்துக்குப் போய்வந்த மறுநாளே அந்தோணிசாமி எழுத ஆரம்பித்தார். ‘தெரிந்தே’ என்ற நிபந்தனைதான் அவருக்குப் பிடிக்கவில்லை. சரக்கு எந்த நாட்டிலிருந்து வந்ததோ அந்த நாடுதான் பொறுப்பு, தெரியாது என்பது ஒரு பதிலே இல்லை என்று எழுதினார். வியாழக்கிழமை வீட்டிலிருந்தே வீடியோவில் பேச நேரம் கொடுத்தார்கள்.

யார்டிலும் அவர் இதே கட்சிதான். திடீர் சிறுநீர்ப் பரிசோதனை வேண்டும் என்று கூட்டத்தில் பேசிப் பேசி எல்லோரையும் சம்மதிக்க வைத்தவர் அவர்.

அந்த வாரம் திங்கட்கிழமை பரிசோதனை வந்தது. பாதுகாப்பைக் கவனிக்கும் ரஜிதன், யாழ்ப்பாணத்துக்காரர், குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணை, இதிலை ஓபியம் வகை காட்டுது.”

“பாசிட்டிவா?”

“அப்பிடிச் சொல்லக்கூடாது. ‘நெகட்டிவ் இல்லை’ எண்டுதான் சொல்லோணும். லாப் உறுதிப்படுத்தினால்தான் பாசிட்டிவ்.”

“நான் பனடால் மாத்திரைகூட போடறதில்ல லா. எப்படி வந்துச்சுன்னு சத்தியமா தெரியாது தம்பி.”

“தெரியாது எண்டது பதில் இல்லை எண்டு கூட்டத்திலை கதைச்சது நீங்கள்தானே அண்ணை.”

ரஜிதன் ஃபோர்க்லிஃப்ட் சாவியை வாங்கிக்கொண்டு துடைப்பத்தைக் கொடுத்தார். லாபும் அதையே சொன்னால் வேலை போய்விடும்.

வீட்டில் மகள் ஷாமினி சிரித்தே விட்டாள். “டாட், யூ ஃபெயில்டு எ டிரக் டெஸ்ட்? யூ?” பிறகு போனில் தேடிவிட்டுக் கேட்டாள்: “வாட் டிட் யூ ஈட்?”

ஞாயிறு சர்ச்சில் தமிழ்ப் பூசை முடிந்ததும் முறைவைத்து ஒரு குடும்பம் சாப்பாடு கொண்டுவரும். அந்த வாரம் அவர் மனைவி கிளாராவின் முறை. கசகசாவைக் கெட்டியாக அரைத்து ஊற்றிய கோழிக் குருமா. மிஞ்சியதை அந்தோணிசாமி திங்கள் காலையில் ரொட்டியோடு வழித்துச் சாப்பிட்டிருந்தார். கசகசா ஓபியம் செடியின் விதை என்றது போன்.

கிளாரா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. “அதான் சிங்கப்பூர்ல அதுக்குத் தடைன்னு எங்க அக்கா சொல்வாங்க.”

“இது உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“உங்களுக்கும் தெரியும் ஷாமினி அப்பா. சூயிங்கம்முக்கே தடை போட்டவங்க, அவங்க பேச்ச விடுன்னு சொன்னதே நீங்கதான்.”

“நான் எழுதினபடி பார்த்தா உன் மேலதான் கேஸ் போடணும்.”

“போடுங்க. நான் கடைக்காரன் மேல போடுறேன். அவன் விளைஞ்ச நாட்டு மேல போடட்டும். இப்ப சாப்பிட வாங்க.”

வியாழக்கிழமைவரை முடிவு வரவில்லை. கூட்டத்தை நேரலையில் யாரும் பார்க்கலாம். யார்டின் டீ அறையில் போட்டுவைத்திருந்தார்கள். எழுதியதை அப்படியே வாசித்துவிட்டு எழுந்துவிடும்படி ஷாமினி சொல்லியிருந்தாள். ஆனால் அந்தோணிசாமி, ‘தெரிந்தே’ என்பது மசோதாவில் இருக்கட்டும் என்றார். எழுதி அனுப்பியதற்கு இது நேர்மாறாக இருக்கிறதே, என்ன நடந்தது என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

மறுபடி யோசித்தேன் என்று சொல்லியிருந்தால் போதும். அந்தோணிசாமிக்குப் பொய் சொல்லவும் வராது, சுருக்கமாகச் சொல்லவும் வராது. குருமாவிலிருந்து துடைப்பம்வரை எல்லாவற்றையும் சொன்னார்.

கசகசாவைப் பற்றி முன்பே யாராவது எச்சரித்தார்களா என்று குழுத் தலைவர் கேட்டார். அந்தோணிசாமி அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கிளாரா நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு திரைக்குள் வந்தார்.

“எங்களுக்குத் தெரியும்,” என்றார் ஆங்கிலத்தில். “நம்பவில்லை, அவ்வளவுதான்.”

ஓர் அரசாங்கம் கோர்ட்டில் வந்து இப்படிச் சொன்னால் என்ன செய்யலாம் என்றார் தலைவர்.

“அதுவும் ‘தெரிந்தே’ என்பதில்தான் சேரும்,” என்றார் அந்தோணிசாமி. “எனக்கும் அதுதான் பொருந்தும்.”

மறுநாள் காலை ரஜிதன் போன் செய்தார்.

“அண்ணை, சாப்பாட்டாலை வந்ததெண்டு லாப் டொக்டர் சொல்லிப்போட்டார். வேலைக்குப் பிரச்சினையில்லை.”

“தேங்க்ஸ் தம்பி.”

“ஆனா நீங்கள் நேற்றுக் கதைச்சதை மனேஜரும் பாத்தவர். தெரிஞ்சும் சாப்பிட்டிட்டு வந்ததுக்கு எச்சரிக்கைக் கடிதம் குடுக்கச் சொல்லுறார். நான் வேண்டாமெண்டு சொல்லிப் பாக்கட்டோ?”

“ஒண்ணும் சொல்லாதே,” என்றார் அந்தோணிசாமி. “அந்தாள் சொல்றது கரெக்ட் லா. கடிதத்த எடுத்து வை, வந்து கையெழுத்துப் போடுறேன். சாவியையும் எடுத்து வை.”