மெலிந்ததற்குக் கிடைத்த பாராட்டு

என் கணவர் மெலியத் தொடங்கியபோது எங்கள் லயத்து வரிசை வீடுகளே என்னைப் பாராட்டின. அவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுபவர். உட்கார்ந்தே செய்கிற வேலை, தொப்பைக்குக் கேட்கவா வேண்டும். தானா ராத்தா கிளினிக்கில் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், என்று சொன்ன அன்றே தேநீருக்குப் பால் டின் வாங்குவதை நிறுத்தினேன். சோற்றைக் குறைத்தேன். காலையில் பாகற்காய்ச் சாறு. சில மாதங்களில் அவருடைய கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை.

“எப்படிக்கா செஞ்சீங்க? அண்ணன் எளந்தாரி மாதிரி ஆயிட்டாரு லா,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கோலா தெர்லாவில் எந்தக் கடையில் நல்ல பாகற்காய் கிடைக்கும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்தேன்.

பிறகு அவருக்கு முதுகு வலித்தது. கண் மஞ்சளானது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கணையத்தில் புற்றுநோய் என்றார் டாக்டர். சிலருக்கு இந்த நோயே இனிப்பு நீரைக் கொண்டுவருமாம், உடம்பையும் கரைக்குமாம். மலைப்பாதையில் வீடு திரும்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் சமையலால் இளைத்தார் என்று பெருமைப்பட்ட மாதங்களில் அவரை நோய் தின்றுகொண்டிருந்தது.

செய்தி கேட்டு ரிங்லெட்டிலிருந்து நாத்தனார் வந்தார். “ஒங்க வீட்டுல எப்பவும் எண்ணெயும் கறியும்தானே. காட்டுப்பன்னி வேற. வராம என்ன செய்யும்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நீங்களும்தானே ஞாயித்துக்கிழமையானா கறிக்குக் கிண்ணத்தோட வந்தீங்க அண்ணி? மூக்காலயா சாப்பிட்டீங்க?” என்று கேட்டேன். அவர் தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். ஆனால் அவர் சொன்னது மட்டும் போகவில்லை.

அடுத்த முறை டாக்டரிடமே கேட்டேன். “சிகரெட், உடம்பு எடை, குடும்ப வழி, இப்படிப் பல காரணம் இருக்கு. கொழுப்பும் கறியும் அதிகமானா ஆபத்து கூடலாம்னும் சொல்றாங்க. ஆனா உங்க வீட்டுக்காரருக்கு எதனால வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. இப்ப அவர் சாப்பிடணும். எடை இன்னும் எறங்குனா கீமோ தாங்காது. செரிக்கிறதுக்கு மாத்திரை தர்றேன், பிடிச்சதைக் குடுங்க.”

தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் எண்ணெய்ப் போத்தலைத் தொட்டால் பயம். அவித்த மீன், அவித்த கீரை, கஞ்சி. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் பாதி குடித்துவிட்டுக் கிண்ணத்தை நகர்த்துவார். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் தராசு எடையைக் குறைத்தே காட்டியது.

ஒருநாள் மத்தியானம் கத்திவிட்டேன். “இப்படிச் சாப்பிட்டா மருந்து ஏத்த மாட்டாங்க. என்ன வேணும்னு வாயத் தொறந்து சொல்லுங்களேன்.”

“நெத்திலி சம்பல்,” என்றார். “ரொம்ப நாளா நாக்கு கேக்குது.”

“அப்ப ஏன் சொல்லல?”

“கேட்டா, இதாலதான் எனக்கு வந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டே சமைப்ப. அப்புறம் அடுப்படியில நின்னு அழுவ. அதான் கஞ்சியே போதும்னு இருந்துட்டேன்.”

உடனே நெத்திலியை மிளகாய் விழுதில் வதக்கிச் சம்பல் செய்தேன், எண்ணெய் மிதக்க. அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆசையாகத்தான் உட்கார்ந்தார். நாலு வாய் சாப்பிட்டார். அதற்குமேல் இறங்கவில்லை. போன மாதமென்றால் தட்டைக் காலி செய்திருப்பார். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.