குண்டு விமானத்தின் உள்நிறம்

என் மாமா எந்தப் படத்தையும் லேசில் நம்பமாட்டார். உம்மாவின் ஒரே தம்பி அவர். கல்முனையில் ஒரு பல் வைத்தியரிடம் பொய்ப்பல் கட்டும் வேலை பார்த்தார். வாப்பா சவூதியில் இருந்ததால் எங்கள் வீட்டின் முன்னறையில்தான் தங்கியிருந்தார். அவருடைய மேசையில் அரமும், நுனி வளைந்த இடுக்கியும், பிளாஸ்டிக் துண்டுகள் நிறைந்த ஒரு பெட்டியும் எப்போதும் கிடக்கும். டோஹாவிலிருந்து வந்த கூட்டாளி ஒருவர் கொடுத்த பெட்டி அது. அத்தனை துண்டுகளையும் ஒட்டினால் ஒன்றரை அடி அகலச் சிறகுடன் நான்கு எஞ்சின் பூட்டிய ஒரு லிபரேட்டர் குண்டு விமானம் கிடைக்கும்.

ஒட்டுவது பெரிய வேலையல்ல, ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். ஆனால் மாமாவுக்கு ஏதோ ஒரு லிபரேட்டர் போதாது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெள்ளைக்காரர்கள் எங்கள் நாட்டு மின்னேரியாத் தளத்திலிருந்து பறக்கவிட்ட லிபரேட்டர்தான் வேண்டும். பெட்டியோடு வந்த தாளில் இருந்ததோ அமெரிக்கர்களின் விமானம். வால் துப்பாக்கிக் கூண்டு வேறு, முதுகில் நிற்கும் கம்பிகள் வேறு. ஆகவே படம் தேட ஆரம்பித்தோம். மாமா கைபேசியில் கண்டுபிடிப்பதைக் கொமினிகேஷன் கடையில் அச்சடித்து வாங்கி வருவது ஏழாம் வகுப்பில் படித்த என் பொறுப்பு.

கொண்டுவரும் படங்களை மாமா கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். நூதனசாலையில் நிற்கும் விமானம் என்றால், "இதுக்குப் பிறகு எத்தன தரம் பெயின்ட் அடிச்சிருப்பானுகள்" என்பார். இன்னொருவர் செய்த மாதிரி என்றால் பார்க்கவே மாட்டார். ஒருவர் விட்ட பிழையைப் பார்த்து மற்றவர் செய்வார், அவரைப் பார்த்து இன்னொருவர் செய்வார், கடைசியில் பிழைதான் உண்மையாக நிற்கும் என்பது அவர் கட்சி. யுத்த காலத்துப் போட்டோக்களை மட்டும் கொஞ்சம் மதித்தார். அவையோ கறுப்பு வெள்ளை. நம்பிய படங்களை நீலக் கோப்பிலும் மற்றவற்றைச் சிவப்புக் கோப்பிலும் போட்டார். ஒரு வருடத்தில் சிவப்பு வீங்கிப் போயிருந்தது. நீலத்தில் பதினொரு தாள்தான்.

அவரைத் தூங்கவிடாத கேள்வி ஒன்று இருந்தது. லிபரேட்டரின் வயிற்றுக் கதவுகள் கடை ஷட்டரைப்போல் சுருண்டு மேலே போகும். திறந்து வைத்தால் குண்டு தொங்கும் அறை முழுவதும் தெரியும். அந்த அறைக்கு உள்ளே பெயின்ட் அடித்திருந்தார்களா, வெறும் தகரமாகவே விட்டார்களா? அடித்திருந்தால் என்ன நிறம்?

அப்போதுதான் அந்த ஏப்ரல் வந்தது. தேவாலயங்களில் குண்டு வெடித்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்கள் முஸ்லிம் ஊர்களில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையே மாறிப்போனது. வீடு வீடாகச் சோதனை நடந்தது. பக்கத்து வீட்டு மாமி இறைச்சி வெட்டும் பெரிய கத்தியைக் கிணற்றில் போட்டார். சிலர் அரபு மார்க்கக் கிதாபுகளைக்கூட எரித்தார்கள். உம்மா முன்னறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, அந்தக் கடதாசியெல்லாத்தையும் அடுப்புல போடு. ஒவ்வொரு பக்கத்துலயும் பொம்பர், பொம்பர் எண்டு கிடக்கு. கேட்டா என்ன சொல்லுவாய்?"

"பிளாஸ்டிக் விமானம் எண்டு சொல்லுவன். ஒளிச்சாத்தான் ராத்தா குத்தம். மேசையிலயே கிடக்கட்டும்."

உம்மா என் புத்தகப் பையையும் கொட்டிப் பார்த்தார். அதிலிருந்த ஒரு படத்தை எடுத்துக் கிழித்தார். சிறகின் குறுக்கு வெட்டுப் படம் அது. சிவப்புக் கோப்பில் போக வேண்டியதுதான் என்பதால் நான் அழவில்லை.

அவர்கள் ஒரு காலையில் வந்தார்கள். ஆமிக்காரர் நால்வர், பொலிஸ்காரர் ஒருவர், நீலச் சீருடையில் விமானப்படை இளைஞர் ஒருவர். அலுமாரி, மெத்தை, அரிசி வாளி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முன்னறைக்குப் போனார்கள். பொலிஸ்காரர் நீலக் கோப்பைத் திறந்தார். குண்டு அறையின் வரைபடம்தான் முதல் தாள். அவர் தாளையும் மாமாவின் தாடியையும் மாறி மாறிப் பார்த்தார். உம்மா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

விமானப்படை இளைஞர் மேசைக்குக் குனிந்தார். பாதி ஒட்டிய விமானத்தைத் தொடாமல் சுற்றிப் பார்த்தார். "லிபரேட்டர்?" என்றார். வாலைக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். மாமா, பொய்ப்பல் கட்டும் பசையில் தானே வார்த்து அராவிய வால் கூண்டைக் குப்பியிலிருந்து எடுத்துக் காட்டினார். அதன்பிறகு மாமாவுக்கு வீட்டில் ஆமிக்காரர் துவக்குகளோடு நிற்பதே மறந்துபோனது. அரைகுறைச் சிங்களத்தில் வயிற்றுக் கதவைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் கேட்க ஆரம்பித்துவிட்டார். பொலிஸ்காரர் இருமினார். இரண்டு கோப்புகளையும் பரிசோதிக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போனார்கள்.

"உன்னக் கொண்டுபோகாம விட்டானுகளே" என்றார் உம்மா.

"சிவப்ப வெச்சிட்டு நீலத்தயாவது தந்திருக்கலாம்" என்றார் மாமா.

இரண்டு வாரம் கழித்து அந்த இளைஞர் சாதாரண உடுப்பில் மோட்டார் சைக்கிளில் தனியாக வந்தார். கோப்புகளைத் திருப்பித் தந்தார். கூடவே ஒரு கடித உறையையும் நீட்டினார். உள்ளே மூன்று பழைய போட்டோக்கள். அவருடைய பாட்டனார் வாலிபத்தில் மின்னேரியா விமானத் தளத்தில் பெயின்ட் அடிப்பவராக இருந்தாராம். பார்த்துவிட்டுத் தந்தால் போதும் என்றார், மாமாவோடு கைபேசி இலக்கமும் மாற்றிக்கொண்டார். படியில் நின்றே பேசிவிட்டுப் போனார். உம்மா உள்ளே கூப்பிடவுமில்லை, தேத்தண்ணி கொடுக்கவுமில்லை.

அவர் போன தூசி அடங்குவதற்குள் பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் கேட்டார். "உங்கட தம்பிக்கும் அவனுகளுக்கும் என்ன கதை?"

உம்மாவுக்கும் அதே கேள்விதான். "இண்டைக்குப் படம் தருவான். நாளைக்கு ஆரு எந்தப் பள்ளிவாசலுக்குப் போறான், ஆரு வீட்டுக்கு ஆரு வாறான் எண்டு கேப்பான். சும்மா ஆரும் குடுப்பாங்களா?"

மாமா உறையைத் தன் மேசைக்குக் கொண்டுபோனார். பல் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நாலு நாள் அந்தப் படங்களையே பார்த்தார். படம் மெய்யா, ஏமாற்றா என்று அவருக்கும் சந்தேகம். மூன்றாவது படத்தில் விமானத்தின் வயிறு திறந்திருந்தது. கீழே சாரத்தை மடித்துக் கட்டிய மெலிந்த இளைஞன் பெயின்ட் வாளியோடு நின்றான். அவனுக்கு மேலே அறையின் சுவர் பாதி மங்கலாகவும் பாதி பளபளப்பாகவும் இருந்தது. பழுது பார்த்த தகரத்துக்கு அவன் அப்போதுதான் பெயின்ட் பூசிக்கொண்டிருக்கிறான்.

"பார் புள்ள, அடிச்சுத்தான் இருக்கு" என்றார் மாமா. உறையின் பின்பக்கத்தில் அந்த விமானப்படை இளைஞர் தமிழ் எழுத்தில் கோணல்மாணலாக எழுதியிருந்தார்: பச்சை. விதைத்துப் பத்து நாள் வயல் மாதிரி. பாட்டனார் சாகும்வரை அப்படித்தான் சொல்வாராம்.

மனிதனின் ஞாபகத்தைப்போல மோசமான சாட்சி இல்லை என்று சொல்லும் மாமா, அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வயல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து அந்தப் பச்சையைக் கலந்தார்.

அதற்குள், மாமா அவர்களுக்குத் தகவல் கொடுக்கிறார் என்று ஊர் கதைத்து முடித்துவிட்டது. மாமா தேத்தண்ணிக் கடைக்குள் போனால் பேச்சு மழையைப் பற்றித் திரும்பியது. பல் கட்ட அளவு கொடுத்திருந்த ஒரு ஹாஜியார் வேறு இடம் போனார். தொழுகையில் மாமாவுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்கூட ஸலாம் கொடுத்ததும் எழுந்துவிடுவார்களாம். அந்த இளைஞரின் இலக்கம் கைபேசியில் இரண்டு தரம் அடித்தது. மாமா மேசையில் அது அதிர்ந்து நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எடுக்கவில்லை.

ஒரு பின்னேரம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மாமா உறையை என் கையில் தந்தார்.

"குடுத்திட்டு, மாமா வீட்டுல இல்ல எண்டு சொல்லு."

வேலிப் படலையில் அவர் நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "நங்கி, மாமா இருக்கா?" என்று, தங்கச்சி என்பதற்கான சிங்களச் சொல்லால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இல்ல. வெளியூர் போயிட்டாரு."

அவர் என் தலைக்கு மேலால் வாசல்படியைப் பார்த்தார். மாமாவின் செருப்பு அங்கே கிடந்தது. அவர் உறையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "உள்ள... பச்சை அடிச்சதா?"

கதவுக்குப் பின்னால் உம்மா நிற்பது எனக்குத் தெரியும். எதிர் வீட்டு யன்னல் சீலை அசைந்தது. வாப்பாவின் பெயர், பள்ளிவாசல், ஆட்கள், இப்படி ஏதாவது கேட்பார் என்று எதிர்பார்த்து நான் பதில்களை ஆயத்தமாக வைத்திருந்தேன். இந்தக் கேள்விக்கு ஆயத்தமாக இருக்கவில்லை. இதற்குள்ளும் ஏதோ இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"தெரியாது" என்றேன்.

அவர் தலையாட்டினார். பழத்தைப் படலைத் தூணில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

நான் முன்னறைக்கு ஓடினேன். மாமா கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றார். அவருடைய விரல் நகங்களில் பச்சை ஒட்டியிருந்தது.

"படத்தக் குடுத்திட்டன் மாமா. இனி வரமாட்டாரு."

"கடைசியா என்ன கேட்டாரு?"

"உள்ள பச்சை அடிச்சதா எண்டு."

"நீ என்ன சொன்னாய்?"

"தெரியாது எண்டு. ஒண்டும் மாட்டிக் குடுக்கல்ல."

மாமா கதிரையில் உட்கார்ந்தார். மேசையில் விமானம் மல்லாந்து கிடந்தது. வயிற்றுக் கதவுகள் திறந்து, உள்ளே காயாத பச்சை மினுங்கியது. அவர் அதைப் பார்க்கவில்லை. அன்று இரவுச் சோறும் தின்னவில்லை.

மூன்று போட்டோவையும் பிரதி எடுத்து வைக்காமல் கொடுத்துவிட்டோமே என்ற கவலை அவருக்கு என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் அவர் முழங்கையைப் பிடித்து, "யோசிக்காதீங்க மாமா, நெட்டுல தேடினா இதவிட நல்ல படம் கிடைக்கும்" என்று ஆறுதல் சொன்னேன்.