மசூதின் வலது பக்கம்

கடையநல்லூர் மசூதை எனக்குப் பிடிக்காது. அவன் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. பொறாமை, அவ்வளவுதான்.

தென்காசியில் ஒரே பள்ளியில் இருவரும் கணக்கு வாத்தியார்கள். நான் ஆறு வயது மூத்தவன். 1962-இல் எம்.ஏ. கணக்குத் தேர்வைத் தனியாகப் படித்து எழுதுவதென்று இருவரும் பதிந்துகொண்டோம். தேறினால் கல்லூரி வேலை. அதுவரை எல்லாத் தேர்விலும் நான் மனப்பாடத்தில் கரையேறியவன். நுண்கணித நிரூபணங்களில் அது காலை வாரிவிட்டது. எப்சிலான், டெல்டா என்ற இரண்டு கிரேக்க எழுத்துகள் என் உயிரை வாங்கின. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை மசூதோ அவற்றைச் சொந்தக்காரர்களைப்போல நடத்தினான். எனக்கு வயிறு எரிந்தது.

மறு வருஷம் ஜூனில் குற்றாலம் போனோம். நல்ல சாரல். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் நுழைந்தால் ஒன்றரை மணி நேரம் வெளியே வரமாட்டான். நனையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பையை என்னிடம் கொடுத்தான். உள்ளே அவன் நோட்டு. காப்பிக் கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்து அவசர அவசரமாக எழுதிக்கொண்டேன். இடது பக்கங்களில் ஆங்கிலத்தில் நிரூபணம். வலது பக்கங்களில் தமிழில் ஒரு கேள்வி மட்டும். ஒன்றில், 'புள்ளி மாறினால் டெல்டாவும் மாறாதா?' என்று இருந்தது. இவனுக்கே சந்தேகமா என்று எனக்கு ஒரே சந்தோஷம். தேர்வு ஆங்கிலத்தில்தானே, தமிழ் வரி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரலில் அதே நிரூபணத்தைக் கேட்டார்கள். எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே டெல்டா போதும் என்று காட்ட வேண்டும். காற்புள்ளி பிசகாமல் எழுதினேன். அவன் முதல் வகுப்பில் தேறினான். நான் தோற்றேன்.

அடுத்த சாரலில் அவனே அந்த நோட்டை என்முன் விரித்தான். இடது பக்கத்தில் நான் சிந்திய காப்பிக் கறை. அவன் அதைப் பார்த்தான். பிறகு சாதாரணமாகச் சொன்னான்.

"இடது பக்கம் பூராவும் தப்பு அண்ணாச்சி. முதல்ல மனசுல பட்டதை எழுதிருவேன். பொறவு எங்கன ஓட்டைன்னு வலது பக்கத்துல கேப்பேன். அந்தக் கேள்விலதான் பாடமே இருக்கு. நீங்க கேட்டிருந்தா போன வருசமே தந்திருப்பேனே."

நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனான். அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுத எனக்கு நாலு மாதம் ஆயிற்று. மறு ஏப்ரலில் தேறினேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது மன்னிப்புக் கேட்க வாயெடுத்துவிட்டு, நோட்டுக்குப் புது அட்டை போட்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். கணக்கில் அவன் என்னை மிஞ்சியதை எப்படியோ தாங்கிக்கொண்டேன். குணத்திலும் மிஞ்சிவிட்டானே, அதைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.