காய்ச்சல் விட்ட நாளின் சுறாப்புட்டு

பக்கத்து வீட்டில் சுறாப்புட்டுக்குப் பூண்டு வதங்குகிற வாசனை... அவ்வளவுதான், கடலோரத்து வைத்திக்குப்பத்தில் இருந்த பழைய வீட்டுக்கே போய்விட்டேன்.

எங்கள் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சிதான். மீனைக் கண்ணில்கூடக் காட்ட மாட்டோம். காய்ச்சல் விட்டதும் தலைக்கு ஊற்றி, சுறாப்புட்டோடு சோறு கொடுப்போம். வீடே கலகலவென்று ஆகிவிடும்!

என் மகள் செல்வி சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு வாரம் அவளுக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஒரு நாள் காலையில் தொட்டுப் பார்த்தால் சூடே இல்லை. வீட்டுக்காரர் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஓடிப்போய்ப் பால்சுறா வாங்கி வந்தார். மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நாத்தனார் வேப்பிலை போட்டு வெந்நீர் வைத்தாள்.

புட்டு வாசனை வந்தாலே அடுப்படியில் குடியிருப்பவள் செல்வி. அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வயிறு வலிக்குதும்மா..."

வாந்தி வேறு. காலைத் தொட்டேன். ஐஸ்! முந்தின ராத்திரிக்குப் பிறகு ஒன்றுக்கும் போகவில்லை. கண் சொருகிக்கொண்டே போனது.

"அண்ணி, காய்ச்சல்தான் விட்டுடுச்சே... கஞ்சி குடிச்ச அசதி. தலைக்கு ஊத்துனா தெளிஞ்சிடும்" என்றாள் நாத்தனார்.

"ஒரு சொட்டு ஊத்திப் பாரு, அப்புறம் இருக்கு உனக்கு! ஏங்க, ஆட்டோவ கூப்பிடுங்க!"

டெங்கு. ஆஸ்பத்திரியில் பார்த்த உடனே டிரிப்ஸ் ஏற்றினார்கள். "காய்ச்சல் விட்டதும்தாம்மா எல்லாரும் அசந்துடுறாங்க. அப்பதான் ஆபத்தே. நல்லவேளை வந்துட்டீங்க" என்றார் டாக்டரம்மா.

வராண்டாவில் உட்கார்ந்து நானும் வீட்டுக்காரரும் வாய்விட்டு அழுதோம். புட்டு வீட்டிலேயே ஊசிப்போனது. யாருக்கு வேண்டும் அது?

இப்போது செல்வி சென்னையில் இருக்கிறாள். போன வாரம் அவள் பையனுக்குக் காய்ச்சல். இப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு தெர்மாமீட்டர்... சூடு இறங்கியதும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கும்பிடு. நான் மட்டும் போன் போட்டேன். வாயைத் திறக்கவே விடவில்லை அவள்.

"விட்டுடுச்சும்மா. காலு கதகதப்பா இருக்குது, ஒன்னுக்குப் போயிட்டான், வாந்தி இல்ல, கத்தி ஊரக் கூட்டுறான். போதுமா?"

"நாளைக்கும் இதே மாதிரி பாத்துக்கோ. அப்புறமா சுறா வாங்கு."

சிரித்தாள். நானும் சிரித்தேன்... ஆனால் அந்த வாசனை வந்தால் இன்றைக்கும் என் கை முதலில் தேடுவது அவள் காலைத்தான்.